லிண்டா மார்டெல்: கைதட்டல் வந்தது, கணக்கு பாக்கி

2024 நவம்பரில் கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வெளியானபோது, ராப் இசைப் பிரிவு ஒன்றில் 83 வயதுப் பெண்மணி ஒருவரின் பெயர் இருந்தது. அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த லிண்டா மார்டெல். வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த முதல் கிராமி பரிந்துரை அதுதான். வேடிக்கை என்னவென்றால், அவர் ராப் பாடகியே அல்ல. ஸ்டீல் கிட்டாரும் பிடிலும் பாஞ்சோவும் ஒலிக்கும் கன்ட்ரி இசையில், நாஷ்வில் நகரத்தின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ மேடையில், தனிப் பாடகியாக ஏறிய முதல் கறுப்பினப் பெண் அவர். அது நடந்தது 1969 ஆகஸ்டில். அந்தச் சாதனைக்காக எந்தக் கன்ட்ரி பிரிவிலும் கிராமி அவரைத் திரும்பிப் பார்த்ததில்லை.

ராப் பட்டியலில் பெயர் வந்ததற்குக் காரணம் பியான்சே. 2024 மார்ச் 29 அன்று வெளியான ‘கவ்பாய் கார்ட்டர்’ தொகுப்பில் இரண்டு இடங்களில் மார்டெலின் பேச்சுக்குரல் வருகிறது. அதில் ஒன்று ‘ஸ்பகெட்டி’ என்ற ராப் பாட்டு. உலகத்தின் மிகப் பெரிய நட்சத்திரம் கைகாட்டிய பிறகு, ‘யார் இந்த அம்மா?’ என்று லட்சக்கணக்கானோர் தேடினார்கள். 1970இல் வெளிவந்த அவருடைய ஒரே தொகுப்பான ‘கலர் மீ கன்ட்ரி’யைத் தோண்டியெடுத்துக் கேட்டார்கள். பத்திரிகைகள் ‘மறக்கப்பட்ட முன்னோடி’ என்று எழுதின.

இந்தக் கொண்டாட்டத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், காலம் போன வேகத்தில் அவரை மறந்துவிட்டோம் என்று முடித்துவிட்டால் யார் மீதும் குற்றமில்லை என்றாகிவிடும். மார்டெலின் பாட்டு தானாக நிற்கவில்லை. எந்த ஆண்டில், எந்த நிறுவனத்தில், எப்படி நிறுத்தப்பட்டது என்பதெல்லாம் தெரிந்த கதை.

பிறந்தபோது அவர் பெயர் தெல்மா பைனெம். 1941இல் தென் கரோலினாவின் லீஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா விளைச்சலில் பங்கு பெறும் வாரத்துக்கு நிலம் உழுதவர். அம்மா கோழி வெட்டும் ஆலையில் வேலை பார்த்தார். தேவாலயத்தில் பாடிப் பழகிய குரல். வீட்டில் அப்பாவுக்குப் பிடித்தது கன்ட்ரி இசை, அதிலும் வெள்ளைப் பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ். மகள் அந்தப் பாட்டுகளை அப்பாவுக்குப் பாடிக்காட்டுவார்.

வாரத்துக்கு உழும் கறுப்பின விவசாயிக்கு ‘வெள்ளையர் இசை’ மீது எப்படி இத்தனை ஆசை என்று கேட்பவர்கள், ஹேங்க் வில்லியம்ஸுக்கு யார் பாட்டு கற்றுக்கொடுத்தது என்பதையும் கேட்க வேண்டும். அலபாமாவின் தெருக்களில் கிட்டார் வாசித்த ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினக் கலைஞர்தான் சிறுவன் ஹேங்க்குக்கு ஆசான். ‘டீ-டாட்’ என்றுதான் ஊர் அவரை அழைத்தது. கன்ட்ரி இசையின் ஆதிக் குடும்பம் என்று போற்றப்படும் கார்ட்டர் குடும்பத்துக்குப் பாட்டுகள் சேகரித்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் லெஸ்லி ரிடில், அவரும் கறுப்பினத்தவர். பாஞ்சோவோ மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் நினைவிலிருந்து பிறந்த கருவி. 1920களில் இசைத்தட்டு நிறுவனங்கள் தென்பகுதிப் பாட்டுகளை விற்கத் தொடங்கியபோது, வெள்ளையர் பாடியதை ‘ஹில்பில்லி’ என்றும் கறுப்பினத்தவர் பாடியதை ‘ரேஸ்’ என்றும் இரண்டு பட்டியலாகப் பிரித்தன. வியாபாரிகள் செய்த அந்தப் பாகப்பிரிவினைதான் பிற்பாடு இயற்கையின் சட்டம்போல ஆகிவிட்டது.

தெல்மா முதலில் பாடியது அந்தப் பிரிவினை அவருக்கு ஒதுக்கிய பக்கத்தில். சகோதரியையும் உறவுக்காரப் பெண்ணையும் சேர்த்துக்கொண்டு ஒரு பெண்கள் குழு. உள்ளூர் வானொலி அறிவிப்பாளர் ஒருவர் ‘உன் முகத்துக்கு லிண்டா என்ற பெயர்தான் பொருந்தும்’ என்று சொல்லி, லிண்டா மார்டெல் என்ற பெயரைச் சூட்டினார். ‘லிண்டா மார்டெல் அண்ட் தி ஆங்லோஸ்’ என்ற பெயரில் 1962இல், ஹார்லெமைச் சேர்ந்த பாபி ராபின்சனின் ‘ஃபயர்’ நிறுவனத்துக்காக ஓர் இசைத்தட்டு வந்தது. விற்கவில்லை.

அந்தக் காலம் பெண்கள் குழுக்களின் பொற்காலம். 1961 ஜனவரியில் ‘தி ஷிரெல்ஸ்’ குழு பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அந்த உயரத்தைத் தொட்டது அதுவே முதல் முறை. அதன் பின் ஊருக்கு ஊர் மூன்று நான்கு பெண்கள் ஒரே மாதிரி கவுன் தைத்துக்கொண்டு கிளம்பினார்கள். பாட்டு அவர்களுடையது, பெயரும் உரிமையும் பணமும் பெரும்பாலும் வேறு யாருடையதோ. 1962இல் முதலிடம் பிடித்த ‘ஹீ இஸ் எ ரெபெல்’ பாட்டைப் பாடியவர் டார்லீன் லவ். தட்டின்மேல் அச்சிட்டிருந்ததோ ‘தி கிரிஸ்டல்ஸ்’ என்ற வேறொரு குழுவின் பெயர். தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் ஏற்பாடு அது. டார்லீன் லவ்வுக்கு ராக் இசைப் புகழ்க்கூடத்தில் இடம் கிடைத்தது 2011இல். இப்படிப்பட்ட சந்தையில், தென் கரோலினாவிலிருந்து வந்த ஒரு குழுவின் முதல் தட்டு தொலைந்துபோனதில் ஆச்சரியமில்லை.

மார்டெலின் வாழ்க்கை திரும்பியது சார்ல்ஸ்டன் விமானப்படைத் தளத்தில். அங்கே நடந்த ஒரு நிகழ்ச்சியில் வீரர்கள் கன்ட்ரி பாட்டு கேட்க, அவர் தயங்காமல் பாடினார். அதைக் கேள்விப்பட்ட டியூக் ரேனர் என்ற அறைகலன் வியாபாரி, ‘நீ கன்ட்ரிதான் பாட வேண்டும்’ என்று விடாமல் வற்புறுத்தி 1969இல் நாஷ்வில்லுக்கு அழைத்துப்போனார். அங்கே ஷெல்பி சிங்கிள்டன் என்ற தயாரிப்பாளர் குரலைக் கேட்டு ஒப்பந்தம் போட்டார். சாமானிய ஆள் அல்ல அவர். முந்தைய ஆண்டுதான் ஜீனி சி. ரைலி என்ற பாடகியை வைத்து ‘ஹார்ப்பர் வேலி பி.டி.ஏ.’ என்ற பாட்டால் அமெரிக்காவையே புரட்டிப்போட்டிருந்தார். எல்விஸ் பிரெஸ்லியை அறிமுகப்படுத்திய ‘சன்’ நிறுவனத்தை 1969இல் விலைக்கு வாங்கியவரும் அவரே.

அவருடைய கன்ட்ரி நிறுவனத்தின் பெயர் ‘பிளான்டேஷன் ரெக்கார்ட்ஸ்’. பிளான்டேஷன் என்றால் பெருந்தோட்டம். பருத்தித் தோட்டங்களில் கறுப்பின மக்கள் அடிமைகளாக உழைத்த மண்ணில், வாரத்துக்கு உழுதவரின் மகள் அந்தப் பெயர் பொறித்த தட்டில் பாட வேண்டியிருந்தது. பெயர் தனக்கு உறுத்தியதாகவும், அதைச் சிங்கிள்டனிடமே சொன்னதாகவும் 2020இல் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழுக்கு மார்டெல் தெரிவித்தார். பெயர் மாறவில்லை.

முதல் பாட்டு ‘கலர் ஹிம் ஃபாதர்’. போரில் கணவனை இழந்த பெண்ணையும் அவளுடைய ஏழு பிள்ளைகளையும் ஏற்றுக்கொண்டு உழைக்கும் இரண்டாவது தந்தையைப் பற்றிய பாட்டு. மூலத்தைப் பாடியது ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற சோல் குழு. (அந்தத் தட்டின் பின்பக்கத்தில் ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டு இருந்தது. அதில் கிரகரி கோல்மன் வாசித்த சில விநாடி டிரம்ஸ் துண்டைப் பிற்காலத்தில் ஹிப் ஹாப், ஜங்கிள் இசைக்காரர்கள் ஆயிரக்கணக்கான பாட்டுகளில் வெட்டி ஒட்டினார்கள். கோல்மனுக்கு அதில் காசு எதுவும் வரவில்லை. 2006இல் வீடின்றி இறந்துபோனார். ஒரே தட்டின் இரு பக்கத்திலும் ஒரே கதை.) மார்டெல் பாடிய வடிவம் பில்போர்டு கன்ட்ரி பட்டியலில் 22ஆம் இடம் வரை ஏறியது. தனியாகப் பாடிய எந்தக் கறுப்பினப் பெண்ணும் அந்தப் பட்டியலில் அதைத் தாண்ட 2024 ஆக வேண்டியிருந்தது.

அந்த வெற்றியின் சூட்டோடு வந்ததுதான் ஆப்ரி அழைப்பு. ஆப்ரி என்பது அரங்கம் மட்டுமல்ல. 1925இல் தொடங்கி சனிக்கிழமை தோறும் வானொலியில் ஒலிபரப்பாகும் நிகழ்ச்சி. அப்போது அது நடந்தது, பழைய பிரசங்கக் கூடமான ரைமன் அரங்கில். அங்கே பாடினால்தான் கன்ட்ரி பாடகர் என்று ஊர் ஒப்புக்கொள்ளும். மார்டெல் பாடி முடித்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அதற்குப் பிறகும் பல தடவை அந்த மேடைக்கு அவரை அழைத்தார்கள். ‘ஹீ ஹா’ என்ற புகழ்பெற்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் பாடினார்.

ஆப்ரிக்கு வெளியே நிலவரம் வேறு. வெளியூர் மேடைகளில் அவர் நிற்கும்போதே கீழேயிருந்து இனவெறி வசைகள் வந்தன. டெக்ஸாஸில் பாட வருபவர் கறுப்பினப் பெண் என்று தெரிந்ததும் ஒரு நிகழ்ச்சி ரத்தானது. வசையைக் கேட்டுக்கொண்டே பாட்டை முடித்துவிட்டு இறங்குவது அவருக்கு வழக்கமாயிற்று.

1970இல் வந்த ‘கலர் மீ கன்ட்ரி’ தொகுப்பு முழுவதையும் ஒரே நாளில், சுமார் 12 மணி நேரத்தில் பதிவு செய்தார்கள். அவசரம் என்று இன்றைக்குத் தோன்றும். அக்கால நாஷ்வில்லில் அதுதான் நடைமுறை; கைதேர்ந்த வாத்தியக்காரர்கள் உட்கார்ந்தால் பாட்டு மளமளவென்று எழும். இந்தத் தொகுப்பை வரலாற்றுச் சான்றாக மட்டும் கேட்பது அநியாயம். ‘பேட் கேஸ் ஆஃப் தி ப்ளூஸ்’ பாட்டில் அவர் யோடெலிங் செய்கிறார். நெஞ்சுக்குரலிலிருந்து பொய்க்குரலுக்கு உடைத்து உடைத்து ஏற்றி இறக்கும் அந்தப் பழைய கன்ட்ரி வித்தை, தேவாலயத்தில் பழகிய குரலில் வரும்போது அதற்கொரு தனி ருசி. சோகத்தை அவர் அழுது வடிக்க மாட்டார், சொல்லிவிட்டு நகர்வார். அதே ஆண்டில் வந்த நட்சத்திரங்களின் தொகுப்புகளோடு வைத்துக் கேட்டால் எந்தக் குறையும் தெரியாது. கன்ட்ரி தொகுப்புகளின் பட்டியலில் அது 40ஆம் இடம் வரை வந்தது.

தொகுப்பில் உள்ள இன்னொரு பாட்டு ‘பிஃபோர் தி நெக்ஸ்ட் டியர்டிராப் ஃபால்ஸ்’. மார்டெல் பாடி 33ஆம் இடத்தோடு நின்றது. 1975இல் அதே பாட்டை மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கரான ஃப்ரெட்டி ஃபெண்டர், ஒரு பகுதியை ஸ்பானிய மொழிக்கு மாற்றிப் பாடினார். கன்ட்ரி பட்டியலிலும் பாப் பட்டியலிலும் முதலிடம். அந்தப் பாட்டில் ஜெயிக்கும் சரக்கு இருந்தது; வெள்ளையரல்லாத ஒருவர் பாடினாலும் வாங்குவதற்கு ஆட்களும் இருந்தார்கள். மார்டெலுக்கு இல்லாமல் போனது, வானொலி நிலையங்களிடம் போய் ‘இதைப் போடுங்கள்’ என்று விடாமல் நச்சரிக்கும் நிறுவனம்.

சிங்கிள்டனின் கவனம் ஜீனி சி. ரைலியிடம் திரும்பியது. மார்டெலின் தட்டுகளுக்கு ஆதரவு வற்றியது. அவர் விலகி இன்னொரு நிறுவனத்தில் பதிவு செய்ய முயன்றபோது, வழக்குப் போடுவேன் என்று சிங்கிள்டன் மிரட்டியதாகவும், அதன் பின் நாஷ்வில்லில் தன்னைத் தொட எவரும் துணியவில்லை என்றும் மார்டெல் சொல்கிறார். சிங்கிள்டன் 2009இல் காலமாகிவிட்டார். தன் தரப்பைச் சொல்ல அவர் இல்லை. ஆனால், ஏடுகள் இருக்கின்றன: மார்டெலின் இரண்டாவது தொகுப்பு வரவேயில்லை. 1971இல் அதே பிளான்டேஷன் நிறுவனம், வியட்நாமின் மை லாய் கிராமப் படுகொலையில் தண்டிக்கப்பட்ட ராணுவ அதிகாரி வில்லியம் காலியை நாயகனாக்கும் ஒரு பாட்டை வெளியிட்டுப் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. எதை எப்படி விற்பது என்று அந்த நிறுவனத்துக்கு நன்றாகவே தெரியும்.

அதன் பிறகு மார்டெல் ஊர் ஊராகப் போனார். கலிபோர்னியாவில் கப்பலில் பாடினார். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் இசைத்தட்டுக் கடை நடத்தினார். கடைசியில் தென் கரோலினாவுக்கே திரும்பிப் பள்ளிப் பேருந்து ஓட்டினார்.

‘எத்தனையோ வெள்ளைப் பாடகர்களும் இரண்டு தட்டோடு காணாமல் போனார்களே, அதெல்லாம் தொழிலில் சகஜம்தானே’ என்று ஒரு வாதம் உண்டு. கூடவே சார்லி பிரைடைக் காட்டுவார்கள். கறுப்பினத்தவரான அவர் 29 முறை கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தவர், 1971இல் ஆண்டின் சிறந்த கலைஞர் விருது வாங்கியவர். வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. மறுபாதி இது: பிரைடின் முதல் தட்டுகளை ஆர்.சி.ஏ. நிறுவனம் அவர் புகைப்படம் இல்லாமல்தான் வானொலி நிலையங்களுக்கு அனுப்பியது. குரல் பிடித்த பிறகே முகம் வந்தது. வேண்டும் என்று நினைத்தால் பெரிய நிறுவனம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு பிரைடே சாட்சி.

மேலும், வெள்ளைப் பாடகி ஒருத்தி காணாமல் போனால் அவள் இடத்துக்குப் பத்துப் பேர் வந்தார்கள். மார்டெலுக்குப் பின்னால் யார் வந்தார்கள்? 1974இல் ‘பாயின்டர் சிஸ்டர்ஸ்’ என்ற சகோதரிகள் குழு ‘ஃபேரிடேல்’ என்ற கன்ட்ரி பாட்டை எழுதிப் பாடி ஆப்ரி மேடை ஏறியது. அதற்குக் கன்ட்ரி பிரிவில் கிராமி விருதும் வாங்கியது. எல்விஸே அந்தப் பாட்டை எடுத்துப் பாடினார். ஆனால் குழு கன்ட்ரியில் நிலைக்கவில்லை, பாப் இசைக்குப் போய்விட்டது. எழுபதுகளின் பிற்பகுதியில் ரூபி ஃபால்ஸ் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார். 1987இல் டோனா மேசன் ஒரு பாட்டோடு பட்டியலின் கீழ்ப்பகுதிக்கு வந்தார். அதற்கு அடுத்த கறுப்பினப் பெண் பட்டியலுக்குள் வர 2007 ஆயிற்று. ரிஸ்ஸி பால்மர் என்ற அந்தப் பாடகிதான் 2020இல் தன் வானொலி நிகழ்ச்சிக்குக் ‘கலர் மீ கன்ட்ரி’ என்று மார்டெல் தொகுப்பின் பெயரையே வைத்தார். பியான்சே வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே மார்டெலை மீட்டெடுக்கத் தொடங்கியதற்கான முதல் பாராட்டு இவரைப் போன்றவர்களுக்கே சேர வேண்டும்.

கதவு இன்னும் ஏன் திறக்கவில்லை என்பதற்கு வானொலியைப் பார்த்தால் போதும். கன்ட்ரி இசையில் இன்றும் வானொலிதான் பண்ணையார். கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர் ஜாடா வாட்சன் 2002 முதல் 2020 வரை அமெரிக்கக் கன்ட்ரி வானொலியில் ஒலித்தவற்றைக் கணக்கெடுத்தார். கறுப்பினப் பெண்களின் பங்கு 0.03 சதவீதம். பத்தாயிரம் தடவை பாட்டு போட்டால் மூன்று தடவை. வெள்ளைப் பெண்களின் நிலையும் வெகு உயர்வு அல்ல. 2015இல் கீத் ஹில் என்ற வானொலி ஆலோசகர், கன்ட்ரி வானொலி ஒரு சாலட் என்றால் அதில் ஆண்கள் கீரை, பெண்கள் மேலே தூவும் தக்காளி என்று பகிரங்கமாகவே சொன்னார். நேயர்களை இழக்காமலிருக்கப் பெண்களின் பாட்டைக் குறையுங்கள் என்பதுதான் அவர் ஆலோசனை. 2024 பிப்ரவரியில் பியான்சேயின் ‘டெக்ஸாஸ் ஹோல்ட் எம்’ பாட்டைப் போடச் சொல்லிக் கேட்ட நேயருக்கு, ‘நாங்கள் கன்ட்ரி நிலையம், பியான்சேயைப் போடுவதில்லை’ என்று ஓக்லஹோமா நிலையம் ஒன்று பதில் எழுதியது. ரசிகர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் போட்டார்கள். கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினப் பெண் என்று அந்தப் பாட்டால் பியான்சே பெயர் பெற்றார். இருந்தும், அந்த ஆண்டு கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருதுகளில் அவருக்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. மூன்று மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், அந்தப் பாட்டு இடம்பெற்ற ‘கவ்பாய் கார்ட்டர்’ ஆண்டின் சிறந்த தொகுப்பு, சிறந்த கன்ட்ரி தொகுப்பு என்று இரண்டு கிராமிகளை அள்ளியது.

பியான்சேயால் எதிர்த்து நிற்க முடிந்ததற்குக் காரணம் அவருடைய செல்வாக்கு. வானொலி போடாவிட்டால் கைபேசியில் கேட்க உலகமெங்கும் ஆட்கள் உண்டு. 1970இல் மார்டெலுக்கு அந்த வழி இல்லை. இன்றைக்கு நாஷ்வில்லில் முதல் பாட்டோடு நிற்கும் கறுப்பின இளம்பெண்ணுக்கும் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே, ஒரு நட்சத்திரத்தின் தொகுப்பில் மூதாட்டியின் குரலைக் கேட்டு நெகிழ்ந்ததோடு நாஷ்வில்லின் கடன் தீர்ந்துவிடாது.

2021இல் சி.எம்.டி. தொலைக்காட்சி மார்டெலுக்கு ஒரு கௌரவ விருது வழங்கியது. அது நல்ல தொடக்கம். நாஷ்வில்லின் கன்ட்ரி இசைப் புகழ்க்கூடத்தில் ஆண்டுதோறும் சிலரைச் சேர்க்கிறார்கள். மூத்த கலைஞர்களுக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. ஆப்ரியின் ஆரம்பகால நட்சத்திரமும் 1941இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டவருமான ஹார்மோனிகா கலைஞர் டிஃபோர்ட் பெய்லியை 2005இல் அங்கே சேர்த்தார்கள். அவர் இறந்து 23 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2025ஆம் ஆண்டுப் பட்டியல் வரை லிண்டா மார்டெல் பெயர் அதில் இல்லை. பெய்லிக்குச் செய்ததுபோல இவருக்கும் காத்திருக்கக் கூடாது. வானொலி நிலையங்களும் அவர் பெயரை விருது மேடையில் உச்சரிப்பதோடு நிற்காமல் அவர் தட்டைப் போட வேண்டும்.